பேருந்து நிலையத்தில் ஓர் ஆராதனை

டெக்சஸ் மாநிலம், ஹூஸ்டன் நகரப் பேருந்து நிலையம். பெஞ்சில் ஒரு கிழவி. மகன் வீட்டில் மருமகளுக்கு அடங்கி ஒடுங்கிக் கிடந்தவள், ஓய்வூதியக் காசோலையை உடுப்புக்குள் ஒளித்துக்கொண்டு யாருக்கும் சொல்லாமல் கிளம்பி வந்திருக்கிறாள். கண் மூடுவதற்குள் பிறந்த மண்ணைப் பார்த்துவிட வேண்டும். அந்த ஊருக்குப் பெயர் பவுன்டிஃபுல். மகன் வீட்டில் அவள் ஞானப்பாட்டுப் பாடக்கூடாது. மருமகளுக்கு அது ஆகாது. இங்கே தடுக்க ஆளில்லை. கிழவி பெஞ்சிலிருந்து எழுகிறாள். கைகள் விரிகின்றன. பாட்டு வருகிறது.

ஹார்ட்டன் ஃபூட் எழுதிய ‘தி ட்ரிப் டு பவுன்டிஃபுல்’ நாடகம் அது. 2013-இல் நியூயார்க் பிராட்வேயில், ஸ்டீஃபன் சான்ட்ஹைம் அரங்கில் நடந்தபோது கிழவி கேரி வாட்ஸாக வந்தவர் சிசிலி டைசன். அப்போது அவருக்கு வயது 88. அவர் ‘பிளெஸட் அஷ்யூரன்ஸ்’ என்ற பாட்டை எடுத்ததும் அரங்கத்தில் யாரும் எழுதி வைக்காத ஒன்று நடந்தது. பார்வையாளர்களும் சேர்ந்து பாடினார்கள். ஒருநாள் இருநாள் கூத்தில்லை, காட்சிக்குக் காட்சி அப்படித்தான். பிராட்வே என்பது இருமலைக்கூட அடக்கிக்கொண்டு உட்காரும் இடம். அத்தனை பணம் கொடுத்துச் சீட்டு வாங்கியவர்கள் தாங்கள் இருப்பது நாடகக் கொட்டகை என்பதை மறந்துபோனார்கள். ஃபேனி கிராஸ்பி என்ற பார்வையற்ற பெண்மணி 1873-இல் எழுதிய பாட்டு அது. கறுப்பின மக்களின் ஆலயங்களில் பிள்ளைகள் தாய் மடியிலேயே கேட்டு வளர்வது. முதல் அடி காதில் விழுந்தால் இரண்டாம் அடி தானாக வாயில் வந்து நிற்கும்.

நான் அந்த அரங்கத்தில் இல்லை. மறுவருடம் அதே நாடகத்தைத் தொலைக்காட்சிப் படமாக எடுத்தார்கள்; அதைத்தான் பார்த்தேன். அது போதுமாக இருந்தது, ஸ்தோத்திரம்! கிழவி எழுந்தபோதே எனக்குள் ஏதோ எழுந்துவிட்டது. அந்தக் குரலைப் பாடகி குரல் என்று சொல்ல முடியாது. நடுவில் கீறல் விழும், மூச்சு வாங்கும், சுருதி கொஞ்சம் விலகிப் போய்த் திரும்பி வரும். ஆனால் முகம்! தோல் எலும்பை ஒட்டிக் கிடக்கும் அந்தச் சின்ன முகத்தில் பத்து வயதுப் பெண்ணும் நூறு வயதுக் கிழவியும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். தோள் குலுங்குகிறது, கால் தாளம் போடுகிறது, கைகள் இறக்கை அடிப்பதுபோல் அடித்துக்கொள்கின்றன. ஆவியில் நிறைந்து ஆடுகிறவர்களை எங்கள் உபவாசக் கூட்டங்களில் பார்த்திருக்கிறேன். அதில் பாவனை எது, அபிஷேகம் எது என்று ஓரளவு சொல்லத் தெரியும். இவர் நடிகை, செய்வது நடிப்பு, சம்பளம் வாங்கிக்கொண்டு செய்வது. இருந்தும் நான் பார்த்ததில் பாவனை ஒரு துளிகூட இல்லை. என் வாய் என் அனுமதி கேட்காமல் பாட ஆரம்பித்திருந்தது. கண்ணீர் வாய்க்குள் வழிந்து உப்புக் கரித்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

இந்தச் சாட்சியை நான் சொல்வது எங்கள் வீட்டில் யாருக்கும் விளங்காது. சினிமா பாவம் என்ற வீட்டில் வளர்ந்தவள் நான். ‘கொட்டகையில் உட்கார்ந்திருக்கும்போது ஆண்டவர் வந்துவிட்டால் எந்த முகத்தோடு எழுந்திருப்பாய்?’ என்று ஓய்வுநாள் பள்ளியில் கேட்பார்கள். பதில் கிடையாது. பயம் மட்டும் உண்டு. சிசிலியின் வாழ்க்கையைப் படிக்கப் படிக்க நான் உருகிப்போனதற்கு இது முக்கியமான காரணம். அவர் வளர்ந்த வீட்டிலும் அதே கேள்விதான் தொங்கிக்கொண்டிருந்தது.

கரீபியக் கடலில் நேவிஸ் என்ற சிறிய தீவு. அங்கிருந்து பிழைப்புக்காக நியூயார்க் வந்த தம்பதிக்கு 1924 டிசம்பர் 19 அன்று பிறந்தவர் சிசிலி. அப்பா தச்சர், வண்ணம் பூசும் வேலையும் செய்வார். அம்மா ஃபிரெடரிக்கா பிறர் வீடுகளில் வேலை செய்தவர். கிழக்கு ஹார்லெமில் வறுமையோடு வளர்ந்த பிள்ளை, சிறுமியாகத் தெருவில் கடைப்பை விற்றிருக்கிறார். அப்பாவும் அம்மாவும் பிரிந்தபின் வீட்டுக்கு அம்மாவே எல்லாம். அம்மாவுக்கோ ஆலயமே எல்லாம். வாரத்தில் எந்த நாளில் ஆலயக் கதவு திறந்தாலும் பிள்ளைகள் உள்ளே இருக்க வேண்டும். சிசிலி பாடகர் குழுவில் பாடினார், பியானோ வாசித்தார், ஆர்கன் வாசித்தார். சினிமா கிடையாது. நாடகம் கிடையவே கிடையாது.

பள்ளி முடிந்து செஞ்சிலுவைச் சங்கத்தில் தட்டச்சு வேலை. ஒருநாள் மேசையைத் தள்ளிவிட்டு எழுந்து நின்று, வாழ்நாள் முழுதும் தட்டச்சு இயந்திரத்தை அடித்துக்கொண்டிருக்கவா கடவுள் என்னைப் பூமிக்கு அனுப்பினார், அதற்காக இருக்காது என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னாராம். இதைப் பின்னாளில் அவரே பலமுறை சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். எனக்கு அது சிரிப்பாக இல்லை, அழைப்பாகவே படுகிறது. வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் வலையைப் போட்டுவிட்டு எழுந்துபோன கதையை நாங்கள் ஞாயிறுதோறும் கேட்கிறோமே! முதலில் பத்திரிகைகளுக்கு மாடலாக நின்றார், பிறகு நடிப்பு. அம்மா வீட்டைவிட்டு வெளியே போகச் சொல்லிவிட்டார். மேடை பாவக் குகை, அங்கே போகிற பெண்ணுக்கு என் கூரையில் இடமில்லை. இரண்டு வருடங்கள் தாயும் மகளும் பேசிக்கொள்ளவில்லை.

அந்தத் தாயைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்குத் தெரிந்த உலகத்தில் அழகான கறுப்பினப் பெண் மேடையேறினால் அவளை என்ன செய்வார்கள் என்பது தெரிந்தே இருந்தது. அவர் பயந்ததில் பாதி நியாயம்.

மகள் அந்தப் பயத்துக்குச் சொன்ன பதில்தான் என் பார்வையில் அவருடைய பக்தி. தன் இனத்துப் பெண்களை இழிவாகக் காட்டும் வேடங்களைத் தொடுவதில்லை என்று விரதம்போலப் பிடித்துக்கொண்டார். கதையைப் படிக்கும்போது மேனி சிலிர்க்க வேண்டும், வயிற்றைப் புரட்டினால் அந்தப் படம் வேண்டாம் என்பதுதான் அவர் வைத்திருந்த அளவுகோல். 1961-இல் ழான் ஜெனேயின் ‘தி பிளாக்ஸ்’ நாடகத்தில் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ், மாயா ஏஞ்சலு போன்றவர்களோடு மேடையில் நின்றார். 1963-இல் ‘ஈஸ்ட் சைடு வெஸ்ட் சைடு’ தொலைக்காட்சித் தொடரில் சுருள் முடியை இஸ்திரி போடாமல், நீட்டாமல், கடவுள் கொடுத்தபடியே ஒட்ட வெட்டிக்கொண்டு வந்தார். அமெரிக்கத் தொலைக்காட்சி நாடகத் தொடரில் ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு நிலையான வேடம் கிடைத்ததே பெரிது. அதில் இப்படி ஒரு தலையோடு வந்தது அவருக்குப் பின்னால் வந்த எத்தனையோ பெண்களின் தலையை நிமிர்த்தியது.

விரதம் என்றால் பட்டினி உண்டு. 1968-இல் ‘தி ஹார்ட் இஸ் எ லோன்லி ஹன்டர்’ படத்துக்குப் பிறகு நான்கு வருடங்கள் பெரிய திரையில் அவரைக் காணோம். துப்பாக்கியும் போதைப்பொருளுமாகக் கறுப்பின மக்களைக் காட்டி ஹாலிவுட் காசு அள்ளிக்கொண்டிருந்த நேரம். வேலை இருந்தது, மேனி சிலிர்க்கும் வேலை இல்லை. காத்திருந்தார். நடிகைக்கு வயது நாற்பதைத் தாண்டினால் ஹாலிவுட்டில் கதை முடிந்தது என்பார்கள். (அவர் தன் வயதை ஏறக்குறைய பத்து வருடம் குறைத்துச் சொல்லி வந்ததும் அதனால்தான். விரதக்காரருக்கும் சாமர்த்தியம் வேண்டியிருக்கிறது. நான் மன்னித்துவிட்டேன்.)

காத்திருப்புக்குக் கிடைத்தது 1972-இல் வந்த ‘சவுண்டர்’. மார்ட்டின் ரிட் இயக்கம். 1933-இன் லூயிசியானா, வாரத்துக்கு நிலம் உழும் குடும்பம். பசித்த பிள்ளைகளுக்காகத் துண்டு இறைச்சி திருடிய கணவனைப் பிடித்துக் கட்டாய வேலை முகாமுக்கு அனுப்பிவிடுகிறார்கள். மனைவி ரெபெக்கா பிள்ளைகளை வைத்துக்கொண்டே கரும்பை விளைவித்து அறுத்து முடிக்கிறாள். ஒருநாள் தூரத்தில், தூசிப் பாதையில், நொண்டிக்கொண்டு ஓர் உருவம். கண்ணுக்கு மேல் கைவைத்துப் பார்க்கிறாள். அடுத்து ஓடுகிறாள்.

அந்த ஓட்டத்தை எத்தனைமுறை பார்த்தாலும் எனக்கு மூச்சு நிற்கிறது. சினிமாவில் காதலி ஓடிவருவதைப் பார்த்துப் பார்த்துச் சலித்த கண் இது. இவள் அப்படி ஓடவில்லை. கால் பின்னுகிறது, கை எங்கெங்கோ போகிறது, பெயர் சொல்லிக் கூவும் குரல் பாதியில் உடைகிறது. மாதக்கணக்கில் அழாமல் வைத்திருந்த உடம்பு மொத்தமும் பாதையில் கொட்டிக்கொண்டே போகிறது. கெட்டுப்போன குமாரன் கதையில் தூரத்தில் வரும்போதே கண்டு ஓடிப்போன தகப்பனைப் பற்றிப் பிரசங்கம் பிரசங்கமாகக் கேட்டிருக்கிறேன். ஓடுவது என்றால் என்ன என்று எனக்குக் காட்டியவர் இவர். கடவுள் என்னைப் பார்த்து இப்படி ஓடிவருவாரென்றால், ஐயோ, நான் ஏன் இத்தனை காலம் மெதுவாக நடந்தேன்!

அந்தப் படத்துக்கு அவர் பெயர் ஆஸ்கர் சிறந்த நடிகை விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. கிடைத்தது வேறொருவருக்கு. அதைவிடப் பெரிதாக அவர் சொல்லி வந்தது ஓர் உரையாடலை. படம் முடிந்ததும் பிலடெல்பியாவில் ஒரு வெள்ளைக்காரர் எழுந்து, தனக்குள் இனவெறி இருப்பதாக இதுவரை நினைத்ததில்லை, ஆனால் திரையில் அந்தப் பையன் தன் அப்பாவை ‘டாடி’ என்று கூப்பிட்டபோது தனக்குத் திடுக்கென்றது என்றாராம். என் மகன் என்னைக் கூப்பிடுவதைப் போலவே இவனும் கூப்பிடுகிறானே என்று. நடிப்பை வெறும் பிழைப்பாக வைத்துக்கொள்ள முடியாது, இது என் ஊழியம் என்று சிசிலிக்கு உறுதியானது அந்த நிமிடத்தில்.

1974 ஜனவரி 31. சி.பி.எஸ். தொலைக்காட்சியில் ‘தி ஆட்டோபயாக்ரஃபி ஆஃப் மிஸ் ஜேன் பிட்மன்’. எர்னஸ்ட் கெய்ன்ஸின் நாவல். அடிமையாகப் பிறந்து 110 வயதுவரை வாழ்ந்து 1960-களின் உரிமைப் போராட்டத்தைக் கண்ணால் காணும் ஒரு பெண். இளம்பெண்ணிலிருந்து தொண்டு கிழவிவரை சிசிலியே நடித்தார். ஸ்டான் வின்ஸ்டனும் ரிக் பேக்கரும் பல மணி நேரம் உட்கார வைத்து அவர் முகத்தில் சுருக்கங்களை ஒட்டினார்கள். ஒப்பனை தோலுக்குத்தான். அந்தக் கண்ணின் மங்கலும், பேசுவதற்கு முன் உதடு வார்த்தையைத் தேடி அசைவதும், ஒப்பனைப் பெட்டியில் கிடைக்கிற சரக்கா?

கடைசிக் காட்சி. நீதிமன்றத்துக்கு முன்னால் ஒரு குடிநீர்க் குழாய், வெள்ளையருக்கு மட்டும். மிஸ் ஜேன் வண்டியிலிருந்து இறங்குகிறாள். கைத்தடி. ஓர் அடி. நிற்கிறாள். இன்னோர் அடி. சுற்றிலும் போலீஸ், முறைக்கும் ஆட்கள். வசனம் கிடையாது. பின்னால் அவளுடைய மக்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். போய்ச் சேருகிறாள். குனிந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கிறாள். திரும்பி நடக்கிறாள். இவ்வளவுதான். நாவலில் இந்த நிகழ்ச்சி இல்லை, படத்துக்காகச் சேர்த்தது. அதைப் பார்த்த இரவில் நான் நற்கருணையை நினைத்துக்கொண்டேன். முழங்கால் வலியோடு பீடத்தை நோக்கி ஓர் அடி, இன்னோர் அடி என்று போகும் எங்கள் ஊர்ப் பாட்டிகள், கிண்ணத்தில் உதடு படும் அந்த ஒரு கணம். ஆண்டவரே, ஒரு வாய் தண்ணீருக்குள் நூறு வருடத்து வேண்டுதலை வைத்துக்காட்ட ஒரு மனுஷியால் முடியும் என்று நீர் எனக்கு ஏன் முன்பே சொல்லவில்லை!

அந்தப் படம் 9 எம்மி விருதுகளை வாங்கியது. அதில் இரண்டு சிசிலிக்கு.

பிறகு வந்ததை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ‘ரூட்ஸ்’ தொடரில் குன்டா கின்டேயின் தாய். ‘கிங்’ தொடரில் மார்ட்டின் லூதர் கிங்கின் மனைவி கொரெட்டா. ‘எ உமன் கால்டு மோசஸ்’ தொடரில் அடிமைகளை இருட்டில் நடத்திச் சென்று விடுவித்த ஹாரியட் டப்மன். 1981-இல் ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸுடன் திருமணம். எண்பதுகளின் முடிவில் முறிந்தது. அதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நியூஜெர்சியின் ஈஸ்ட் ஆரஞ்சில் கலைப்பள்ளி ஒன்று அவர் பெயரில் நடக்கிறது. பெயர் கொடுத்ததோடு அவர் நிற்கவில்லை, பிள்ளைகளைப் போய்ப் பார்த்துக்கொண்டே இருந்தார். 1994-இல் இன்னோர் எம்மி. ‘தி ஹெல்ப்’ படத்தில் கான்ஸ்டன்டைன்: சில நிமிடங்களே வரும் வேடம், படம் முடிந்தபின்னும் வீட்டுக்குள் நம்மோடு வந்து உட்கார்ந்துகொள்கிறது.

பவுன்டிஃபுல் எப்படி வந்தது என்பதில் எனக்கு ஒரு தனிப் பரவசம். 1953-இல் அந்த நாடகம் பிறந்தபோது கேரி வாட்ஸாக நின்றவர் மௌனப்பட காலத்து லிலியன் கிஷ். 1985-இல் அது திரைப்படமானபோது ஜெரால்டின் பேஜ் நடித்து ஆஸ்கர் வாங்கினார். அந்தப் படத்தைப் பார்த்த சிசிலி நேராகத் தன் முகவரிடம் போய், எனக்கு என் பவுன்டிஃபுலை வாங்கிக் கொடு, அதற்குப் பிறகு நான் ஓய்வெடுத்துக்கொள்கிறேன் என்றார். வெள்ளைக்காரக் கிழவிக்கு எழுதிய வேடம். யார் கொடுப்பார்கள்? கால் நூற்றாண்டுக்கு மேல் கடந்தது. எண்பது வயதைக் கடந்தவரைத் தேடிக்கொண்டு அந்த வேடம் வந்தது. சாராள் கூடாரத்துக்குள் சிரித்தாள் என்று படிக்கிறோம். இவரும் சிரித்திருக்க வேண்டும். ஆக, பேருந்து நிலையத்தில் பாட எழுந்தபோது அவர் தொண்டையில் கேரி வாட்ஸ் மட்டும் இருக்கவில்லை. கிழக்கு ஹார்லெம் ஆலயத்தில் ஆர்கன் வாசித்த சிறுமியும் இருந்தாள். மேடையைப் பாவக் குகை என்று அம்மா சொன்னார். அந்த மேடையில் நின்று மகள் அம்மாவின் ஆலயத்துப் பாட்டைப் பாட, கூடியிருந்தவர்கள் சபையாக மாறிக் கூடவே பாடினார்கள். இதற்கு மேல் என்ன அற்புதம் வேண்டும் எனக்கு?

2013 ஜூனில் அந்த வேடத்துக்கு டோனி விருது கிடைத்தது. ஓய்வெடுப்பேன் என்ற வாக்கை அவர் காப்பாற்றவில்லை. அதற்கும் ஸ்தோத்திரம். 2015-இல், 90 வயதில், ‘தி ஜின் கேம்’ நாடகத்தில் பழைய தோழர் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸுக்கு எதிரே உட்கார்ந்து இரவுக்கிரவு சீட்டாடினார். மேடையில் இரண்டே பேர், நாடகம் முழுக்க வசனம். தொலைக்காட்சியில் வயோலா டேவிஸுக்குத் தாயாக வந்தார். 2016-இல் ஒபாமா கையால் நாட்டின் உயரிய சுதந்திரப் பதக்கம். அம்மா, உங்களுக்குக் களைக்கவே களைக்காதா? கழுகைப்போல் இளமை திரும்பும் என்று வேதத்தில் வாசித்தபோதெல்லாம் அது கவிதை என்று நினைத்துக் கடந்து போனேனே! உங்கள் ஒட்டிய கன்னத்தையும், மேடைக்கு வரும்போது நீங்கள் அணிந்த அந்தப் பெரிய பெரிய தொப்பிகளையும், நிமிர்ந்த கழுத்தையும் பார்த்தபின் அந்த வசனத்தை என்னால் சாதாரணமாக வாசிக்க முடியவில்லை.

தன் வாழ்க்கையை எழுதி 2021 ஜனவரி 26 அன்று வெளியிட்டார். இரண்டு நாள் கழித்து, 28-ஆம் தேதி, 96 வயதில் கண்ணை மூடினார். புத்தகத்துக்கு அவர் வைத்த பெயர் ‘ஜஸ்ட் ஆஸ் ஐ ஆம்’. இருக்கிறபடியே வருகிறேன் என்று ஆண்டவரிடம் போகும் சார்லட் எலியட்டின் பழைய பாட்டு. தமிழில் நாங்களும் பாமாலையில் பாடுவது. ஹார்லெமின் அபிசீனியன் பாப்டிஸ்ட் ஆலயத்தில் அவர் உடல் வைக்கப்பட்டிருந்தபோது, தொற்றுக் காலத்தின் நடுவிலும் முகமூடி அணிந்த மக்கள் வந்து வரிசையில் நின்றார்கள்.

நான் கொண்டாடுவது அந்த நாளை அல்ல, 2018 நவம்பரில் ஒரு மாலையை. ‘சவுண்டர்’ வந்து 46 வருடங்கள் கழித்து ஆஸ்கர் அகாதமி அவருக்குக் கௌரவ விருது கொடுத்தது. அந்தக் கௌரவத்தைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர். 94-ஐத் தொட ஒரு மாதம் இருந்தது. பொற்சிலையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவர், எத்தனையோ பிரபலங்கள் எதிரே இருக்க, எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்ட ஃபிரெடரிக்காவிடம் பேசினார். அம்மா, நான் இதைச் செய்வது உனக்குப் பிடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் செய்தேன், இதோ பார் என்றார். அரங்கமே ஆர்ப்பரித்தது. எங்கள் வீட்டில் எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நான் கைப்பேசியை வைத்துவிட்டு ‘ஆமென்’ என்றேன், சத்தமாகவே.